பேறு பார்த்த கைகள்

வேடந்தாங்கலுக்கு வருகிற யாரும் 1798 என்ற ஆண்டைக் கேள்விப்படாமல் திரும்புவதில்லை. ஏரியில் கூடு கட்டும் பறவைகளைச் சுடக்கூடாது என்று செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் ஊர்க்காரர்கள் கவுல் எழுதி வாங்கிய ஆண்டு அது. 1858இல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள். குஞ்சு பொரிக்கும் பறவையைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதற்குக் காகிதம் உள்ள ஊர் எங்களுடையது. இதே ஊர்களில் பெண்களுக்குப் பேறு பார்த்தவர்களுக்கு எந்தக் கலெக்டரும் கவுல் தரவில்லை.

மருத்துவச்சி என்றுதான் அவரைச் சொல்வார்கள். பெரும்பாலும் நாவிதர் வீட்டுப் பெண். அந்தச் சமூகத்துக்கு மருத்துவர் என்ற பெயரே உண்டு. இருளர் குடியிருப்புகளில் மூத்த பெண்கள் தங்களுக்குள்ளேயே பார்த்துக்கொண்டார்கள். என் ஆயா தன் பேறுகளைப் பற்றிச் சொல்லும்போது முதலில் கயிற்றைத்தான் சொல்வார். உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்த வேண்டும். பின்னால் ஒருத்தி தாங்கிக்கொள்வாள். மருத்துவச்சி விளக்கெண்ணெய் தடவி இடுப்பை நீவிவிடுவார். அதற்கு முன் சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பார்: சூட்டு வலியானால் அடங்கும், பிள்ளை வலியானால் கூடும். அவசரப்படுத்தமாட்டார்.

இதைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. அந்தக் கைக்குக் கூலி சில படி நெல்லும் ஒரு பழம்புடவையும். குழந்தையை முதலில் ஏந்திய பெண், தீட்டு கழிந்த பிறகு அதே வீட்டின் வாசலுக்கு வெளியே நின்றாள். சாதிதான் அவளை அந்த வேலைக்கு அனுப்பியது. தொப்புள்கொடி அறுத்த கருவியில் இருந்த கிருமியால் சிசுக்கள் வில்வாதம் கண்டு செத்தன. உதிரப்போக்கில் தாய்கள் போனார்கள். மருத்துவமனை தேவைப்பட்டது.

ஆனால் அது எப்படி வந்தது? எழும்பூரில் 1844இல் பிரசவ மருத்துவமனை. 1885இல் சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமாக விக்டோரியா மருத்துவமனை. பெயரிலேயே சாதியும் கோஷாவும் இருந்தன. 1903இல் தாய்மாருக்குப் பேறு பார்க்கும் நாட்டுப் பெண்களைப் பயிற்றுவிக்க கர்சன் சீமாட்டியின் நிதி. 1926இல் சென்னை மாகாண செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம். இந்த வரிசையில் ஊர் மருத்துவச்சி 'பயிற்சி பெறாதவள்' என்று மட்டுமே பதிவானாள். அவளுக்குத் தெரிந்ததை யாரும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை.

மகாபலிபுரம் போகும் கடற்கரைச் சாலையில் கானத்தூர் ரெட்டிக்குப்பம் இருக்கிறது. அமெரிக்க மானுடவியலாளர் சிசிலியா வான் ஹாலன் 1995இல் அங்கும் சென்னையிலும் பெண்களிடம் பேசி, 2003இல் நூலாக்கினார். வலியைக் கூட்டும் ஊசி, வார்டில் திட்டும் அடியும், ஆயாக்களுக்குத் தரவேண்டிய காசு, சம்மதம் கேட்காமல் பிரசவம் முடிந்த கையோடு பொருத்தப்பட்ட காப்பர் டி எல்லாம் அதில் வருகின்றன. அந்தப் பெண்கள் மருத்துவமனை வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே நடத்தப்பட்ட விதத்தைத்தான் சொன்னார்கள். சிலர் ஊசியைக் கேட்டு வாங்கவும் செய்தார்கள். வலி பெண்ணின் சக்தி என்ற எண்ணமும் சீக்கிரம் படுக்கையைக் காலி செய்யச் சொல்லும் வார்டும் எப்படி ஒன்றுசேர்ந்தன என்பதுதான் எனக்கு அந்நூலில் மிகவும் உறைத்த இடம்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில், 44.9 சதவீதம் சிசேரியன். 2018இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரைகள், விரும்பிய துணை உடன் இருக்கட்டும், விரும்பிய நிலையில் பெறட்டும், நிமிர்ந்தோ குந்தியோ இருக்கட்டும் என்கின்றன. ஆயாவின் கயிறு ஜெனீவா சுற்றி வந்திருக்கிறது.

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் தண்டரையில், 1986இல் தொடங்கிய இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் மூலிகை அறிவைக் காப்பாற்றி வருகிறது. பச்சிலைக்கு மதிப்பு வந்துவிட்டது. அதைப் பறித்த பெண்ணின் பேத்தி பிரசவத்துக்குப் போகும்போது 'வா, போ' என்ற விளிதான் முதலில் காதில் விழுகிறது. அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விடும் ஏற்பாடு உண்டு. அப்படி உள்ளே போகும் அத்தை இடுப்பை நீவிவிடலாமா, 'கொஞ்சம் குந்தட்டும்மா' என்று சொல்லலாமா என்பது அன்றைக்குப் பணியில் இருக்கும் நர்ஸம்மாவைப் பொறுத்தது.