வேல்ஸ் விஸ்கிக்கு வயது என்ன?

போன வருடம் வேல்ஸ் பயணத்தைப் பற்றி எழுதியபோது, "வேல்ஸ்காரர்கள் கி.பி. 356 முதலே விஸ்கி வடித்து வருகிறார்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அதைப் படித்துவிட்டு, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியரான நண்பர் ஒருவர் போன் செய்தார். "அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் யாருக்குச் சார் சாராயம் வடிக்கத் தெரியும்?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்த வரிக்கான திருத்தம்.

கார்டிஃபில் மகள் வீட்டில் இருந்தபோது, மருமகன் ஒரு நாள் வடக்கே மலைப்பக்கம் காரில் அழைத்துப்போனார். பெண்டெரின் என்ற சின்னக் கிராமம். அங்கே அதே பெயரில் ஒரு விஸ்கி ஆலை இருக்கிறது. "மாமா, ஒரு வாய் பாருங்க, உங்க பிரஷருக்கு ஒண்ணும் ஆகாது" என்று கண்ணாடிக் கோப்பையை நீட்டினார். வெளிர்பொன் நிறம். புகை வாசனை இல்லை. முதலில் ஆப்பிள் போல ஒரு மணம், பிறகு வெண்ணிலா, விழுங்கிய பின் நாக்கில் உலர்திராட்சையின் இனிப்பு. நான் குடிப்பழக்கம் உள்ளவன் அல்ல. ஆனாலும் நன்றாக இருந்ததை நன்றாக இல்லை என்று எழுத முடியாது.

பக்கத்தில் நின்றிருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர்தான் அந்தக் கதையைச் சொன்னார். பார்ட்ஸி தீவின் துறவிகள் தேன் கலந்து காய்ச்சிய மதுவை, 356-ல் ரெயால்ட் ஹிர் என்பவர் விஸ்கியாக வடித்தாராம். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அதோடு நின்றிருக்கலாம்.

நண்பர் கேட்ட பிறகுதான் தேடிப் படித்தேன். பார்ட்ஸியில் மடம் தொடங்கியதே ஆறாம் நூற்றாண்டில், புனித காட்ஃபன் காலத்தில் என்பதுதான் மரபு. மடமே இல்லாத காலத்தில் துறவிகள் எங்கிருந்து வந்தார்கள்? ஐரோப்பாவில் மதுவிலிருந்து சாராயம் வடிக்கும் வித்தை தெரிய வருவது பன்னிரண்டாம் நூற்றாண்டு வாக்கில். ஸ்காட்லாந்துக்காரர்கள் காட்டும் பழைய எழுத்துச் சான்றே 1494-ம் வருடத்து அரசாங்கக் கணக்கு ஒன்றுதான்.

உண்மை வரலாறு மிகவும் சின்னது. வடக்கு வேல்ஸில் பாலா என்ற ஊருக்கு அருகே, ஃப்ரோங்கோக்கில், 1880-களின் கடைசியில் ரிச்சர்ட் லாயிட் பிரைஸ் என்ற நிலக்கிழார் ஓர் ஆலை கட்டினார். 1873-ல் பாலாவில் ஆட்டுநாய்ப் போட்டியை நடத்தியவரும் இவரே. வியாபாரம் எடுபடவில்லை. 1910-க்குள் ஆலை மூடிக்கிடந்தது. வேல்ஸ் அப்போது தேவாலயப் பக்தியும் மதுவிலக்குப் பிரசாரமும் ஓங்கியிருந்த நாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் வேல்ஸின் மதுக்கடைகளை மூடவேண்டும் என்று 1881-லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. 1961-க்குப் பிறகு ஏழு வருடத்துக்கு ஒருமுறை வட்டாரம் வட்டாரமாக வாக்கெடுத்து அதைத் தளர்த்தினார்கள். டுவைஃபோர் என்ற கடைசி வட்டாரம் இறங்கிவந்தது 1996-ல்.

மூடிய ஆலைக்கு அதன்பின் நேர்ந்ததுதான் என்னை நிறுத்தியது. முதல் உலகப்போரில் அதை ஜெர்மன் கைதிகளுக்கான முகாம் ஆக்கினார்கள். 1916-ல் டப்ளினில் ஈஸ்டர் கிளர்ச்சி அடங்கியபின், விசாரணை இல்லாமல் சுமார் 1,800 அயர்லாந்துக்காரர்களைக் கொண்டுவந்து அடைத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் படுத்தது எலிகள் ஓடிய பழைய ஆலைக் கட்டடத்தில். மைக்கேல் காலின்ஸும் அங்கே இருந்தார். வகுப்பும் விவாதமுமாக நாட்களைக் கழித்து, அந்த வருட முடிவில் விடுதலையாகி, அடுத்த போராட்டத்துக்குத் தயாராகப் போனார்கள். "புரட்சியின் பல்கலைக்கழகம்" என்று அந்த முகாமுக்குப் பெயர் வந்தது. அந்த இடத்தில் இன்று ஒரு தொடக்கப்பள்ளி.

அதற்குப்பின் பெண்டெரினில் சாராயம் வடித்தது 2000-ல். மூன்று வருடமாவது மரப்பீப்பாயில் கிடந்தால்தான் விஸ்கி என்று சொல்லலாம் என்பது சட்டம். ஆகவே முதல் பாட்டில் வெளிவந்தது 2004 மார்ச் 1 அன்று, வேல்ஸின் காவல் புனிதர் டேவிட்டின் திருநாளில். வாற்கோதுமை ஊறலை ஸ்காட்லாந்தில் வழக்கமாக இரண்டு செம்பு வடிகலன்களில் இரண்டு முறை வடிப்பார்கள். இங்கே தொடக்கத்தில் இருந்தது டேவிட் ஃபாரடே என்ற பொறியாளர் வடிவமைத்த ஒரே கலன், மேலே உயரமான கோபுரத்தோடு. அதிலிருந்து 92 சதவீத வீரியத்தில் இறங்குகிறது. முதலில் அமெரிக்க பூர்பன் விஸ்கி இருந்த பீப்பாய்களில் ஊறவைக்கிறார்கள். கடைசியில் மடெய்ரா ஒயின் இருந்த பீப்பாய்களுக்கு மாற்றுகிறார்கள். இந்த யோசனை ஜிம் ஸ்வான் என்ற நிபுணருடையது.

மடெய்ராவுக்கு நம் ஊரோடு ஒரு தொடர்பு உண்டு. இந்தியாவுக்கு வந்த கப்பல்கள் வழியில் அந்தத் தீவில் நின்று ஒயின் ஏற்றிக்கொள்ளும். வெப்பமண்டலக் கடலில் மாதக்கணக்கில் சூடேறி ஆடியபின் அதன் சுவை கூடியிருந்ததை வியாபாரிகள் கவனித்தார்கள். பிறகு கப்பலில் அனுப்பாமலே சூடாக்கப் பழகிக்கொண்டார்கள். புனித ஜார்ஜ் கோட்டை வெள்ளைக்காரர்கள் விரும்பிக் குடித்த ஒயின் அது. நான் ருசித்த உலர்திராட்சை இனிப்பு அந்தப் பீப்பாயின் கொடை.

இரவல் பீப்பாயில் ஊறிய, இருபத்தைந்து வருடத்துச் சரக்கு என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 356 என்ற பொய்யால் அதன் ருசி கூடவும் இல்லை. ஆனால் அந்தப் பொய்யின் நிழலில் ஃப்ரோங்கோக் காணாமல்போகிறது. தோற்றுப்போன ஆலையும், எலிகளோடு படுத்த மனிதர்களும் மறைந்துவிடுகிறார்கள். நானே அவர்களைத் தாண்டித்தானே எழுதிப்போனேன்.

பழைய கட்டுரையில் அந்த வரியை நீக்கிவிட்டேன். பேத்திக்காக எழுதிவரும் குடும்பக் குறிப்பிலும், பாளையக்காரர் படையில் தளபதியாக இருந்ததாக ஒரு முப்பாட்டனார் வருகிறார். ஆதாரம், பெரியப்பா ஒரு கல்யாண வீட்டில் சொன்னது மட்டும். அதையும் இன்று காலை அடித்துவிட்டு, தாத்தா ரங்கூனில் கடை வைத்து நொடித்துப்போய், வெறுங்கையோடு திரும்பியதை எழுத ஆரம்பித்திருக்கிறேன். அதற்குக் கடிதங்கள் இருக்கின்றன.