மூச்சும் அதன் அளவும்

மூக்கின் அருகே கைவைத்து உயிர் உண்டா என அறிவது தொன்றுதொட்ட வழக்கம். மூச்சு ஓடுகிறதா என்பதை அது சொல்லும். ஓடும் மூச்சு உடலுக்குப் போதுமா என்பதைச் சொல்லாது. இந்த வேற்றுமையைப் பெரும் உயிர்ச்சேதத்தினூடே உணர்ந்த நகரம், டென்மார்க்கின் தலைநகராகிய கோப்பனேகன்.

1952ஆம் ஆண்டின் கோடையிலே இளம்பிள்ளைவாதம் அந்நகரிற் கடுமையாய்ப் பரவிற்று. சுவாசத் தசைகள் செயலிழந்த நோயாளர் பலர் பிளெக்டம் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டனர். ஆங்கிருந்தவையோ, உடலை அடக்கும் சுவாசப்பெட்டி ஒன்றும், மார்பை மூடும் கருவிகள் ஆறுமே. முதல் மூன்று வாரங்களில் அவற்றின் துணையோடு சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் மாண்டனர்.

பிராணவாயு ஊட்டப்பட்டமையால் அவர்தம் மேனி நீலம் பாரிக்கவில்லை. இரத்தச் சோதனையிற் கரியமிலவாயுவின் மொத்த அளவு மிகுந்திருந்தது. அதனை வைத்தியர்கள் காரமிகுதி என்று பொருள்கொண்டனர். மயக்கமருந்து வைத்தியரான பியோன் இப்சன் அவ்வாறு கருதவில்லை. வியர்வையும், உயரும் இரத்த அழுத்தமும் அவருக்கு வேறொன்றை உணர்த்தின. உள்ளே செல்லும் வாயு போதியதாயினும், வெளியேற வேண்டிய வாயு உள்ளே தேங்குகிறது என்றார் அவர்.

ஆகஸ்ட் 27ஆம் நாள், மரணத்தறுவாயிலிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையிலே துளையிடுவித்துக் குழாய் செலுத்தி, இறப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றூட்டினார். கரியமிலவாயு குறைந்தது; சிறுமி தேறினாள். மீண்டும் மார்புக் கருவியில் இட்டபோது அது ஏறியது. பையை அழுத்தியபோது மறுபடியும் இறங்கியது. ஐயத்துக்கு இடமில்லாது போயிற்று.

ஆனால், அத்தனை நோயாளருக்கும் பையை அழுத்துவார் யார்? ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் கட்டிலருகே அமர்ந்தனர். ஒரு கட்டத்தில் எழுபது பேர்வரை ஒரே காலத்தில் அக்கைகளாலே மூச்சுவிட்டனர். இறப்பு ஏறத்தாழப் பாதியாகி, பின்னர் மேலுங் குறைந்தது. 1953இல் இப்சன் அந்நகரின் வேறொரு வைத்தியசாலையில் தொடங்கிய தனிப்பிரிவு, இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு முன்னோடியாயிற்று.

இன்று விரலிற் பொருத்தும் சிறுகருவி இரத்தத்தின் பிராணவாயுவைக் காட்டுகிறது. கரியமிலவாயுவை அது காட்டாது. ஆதலின், அவசர சிகிச்சையில் வைத்தியர் கருவியின் எண்ணோடு நின்றுவிடுவதில்லை. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, மார்பு எவ்வளவு உயர்கிறது, நோயாளர் தெளிவாய்ப் பேசுகிறாரா, உறக்கத்தில் ஆழ்கிறாரா என்றும் நோக்குகின்றனர். பிராணவாயு போதியதாய் இருப்பினும் கரியமிலவாயு உள்ளே தேங்கக்கூடும் என்பதே அதற்குக் காரணம்.