மான் வால் முடியும் பாஸ் மீனும்

தூண்டில்னா நமக்கு மண்புழுதான். அமெரிக்காவுல முள்ளுல இறகும் முடியும் வச்சு நூலால கட்டி, பொய்ப்பூச்சி செஞ்சு மீன் பிடிக்கறது பெரிய கலை. ஆணி கம்மியா இருந்த வாரம் அதோட வரலாறைப் படிச்சேன்.

பாஸ், ப்ளூகில் மாதிரி வெதுவெதுப்பான தண்ணி மீனுக்கு மிதக்கும் பூச்சின்னா ரெண்டு பேரைச் சொல்றாங்க. 1881ல பாஸ் மீனுக்குன்னே புத்தகம் போட்ட டாக்டர் ஜேம்ஸ் ஹென்ஷால். 1900களோட ஆரம்பத்துல கார்க்ல பூச்சி செஞ்ச டென்னசிக்காரர் எர்னஸ்ட் பெக்கின்பா.

எனக்கு இது ஒப்பலை. 1774ல ஃப்ளோரிடாவைச் சுத்தின தாவரவியலாளர் வில்லியம் பார்ட்ரம், 1791ல வந்த பயண நூல்லயே எழுதிட்டார். சின்னப் படகுல ரெண்டு பேர். முன்னாடி இருக்கறவர் கையில 10-12 அடி கம்பு, நுனியில 20 இஞ்ச் நூல். மூணு முள்ளை முதுகோட முதுகா சேர்த்து, வெள்ளை மான் வால் முடி, சிவப்புத் துணிக் கிழிசல், கலர் இறகெல்லாம் வச்சு மூடி, முஷ்டி சைஸுக்கு ஒரு குஞ்சம். பேரு 'பாப்'. அதைத் தண்ணியைத் தொட்டும் தொடாமலும் ஆட்டினா 'ட்ரவுட்' பாயுமாம் (அந்தப் பக்கம் அப்போ பாஸுக்கு அதான் பேரு).

அது மிதக்கவே வேணாம், கம்பே தூக்கிப் பிடிச்சுக்குது! நீள நூல்ல தூரமா வீச ஆரம்பிச்சப்புறம்தான் மிதக்கற சரக்கு தேவைப்பட்டுச்சு: கார்க், இல்லன்னா உள்ளே காத்து அடைச்ச மான் உடம்பு முடி. அந்தப் பெருமை பின்னாடி வந்தவங்களுக்குத் தாராளமா போகட்டும். ஆனா முடிக்குஞ்சத்தைக் காட்டி பாஸை மேல வரவழைக்கற வித்தை, ஹென்ஷால் புத்தகத்துக்கு 90 வருஷம் முன்னாடியே அச்சுல இருக்கு. படகுல இருந்த அந்த ரெண்டு பேரோட பேரைத்தான் பார்ட்ரம் எழுதல.