நம்ம வட்டை நத்தைக்கு யார் வைத்த பெயர்?



"சேர், இது பைலாவா, அம்புலாரியாவா?" வயல் வாய்க்காலில் பிடித்த உருண்டை நத்தை ஒன்றைக் காட்டித் தரம் 11 பிள்ளை கேட்டது. (பைலா என்றதும் கலியாண வீட்டுப் பாட்டை நினைக்க வேண்டாம். லத்தீனில் பந்து என்று பொருள்.) அந்தப் பிள்ளையிடம் இருந்த பழைய இந்தியப் புத்தகத்தில் குடும்பப் பெயர் பைலிடே. இணையத்தில் அம்புலாரிடே. இரண்டும் ஒரே குடும்பம்தான்.

கதை ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் தொடங்குகிறது. போல்டன் என்ற மருத்துவர் 1796இல் இறந்தார். அவர் சேர்த்து வைத்த சிப்பி, சங்குகளை ஏலத்தில் விற்க ரோடிங் என்பவர் 1798இல் ஒரு பட்டியல் அச்சிட்டார். பைலா என்ற பெயர் அதில்தான் முதலில் வந்தது. அடுத்த ஆண்டே பாரிஸில் லமார்க் இதே நத்தைகளுக்கு அம்புலாரியா என்று பெயர் வைத்தார். குடுவை என்று பொருள். லமார்க் பெரிய பேராசிரியர், ரோடிங்குடையதோ ஏலப் பட்டியல். நூறு வருடத்துக்கு மேல் உலகம் லமார்க்கின் பெயரையே சொன்னது. 1824இல் கிரே வைத்த குடும்பப் பெயரும் அதிலிருந்து வந்ததுதான்.

பிறகு அந்தப் பட்டியலை ஆய்வாளர்கள் மீண்டும் கையிலெடுத்தார்கள். முந்திய பெயருக்கே உரிமை என்பது விலங்கியல் விதி. ஆகவே பேரினம் பைலா ஆனது. 'பிரித்தானிய இந்தியாவின் விலங்குகள்' வரிசை இலங்கையையும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. அதில் 1915இல் பிரெஸ்டன் குடும்பப் பெயரையும் பைலிடே என்று மாற்றினார். குழப்பம் 1999 வரை இழுபட்டது. அந்த ஆண்டு சர்வதேச விலங்கியல் பெயரிடல் ஆணைக்குழு தீர்ப்புச் சொன்னது: பேரினம் பைலா, குடும்பம் அம்புலாரிடே. ஆளுக்குப் பாதி! எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

விவசாயிகளுக்கு இதில் என்ன இருக்கிறது? இதே குடும்பத்தில் பொமேசியா என்ற தென்னமெரிக்கப் பேரினம் உண்டு. 1980 வாக்கில் சாப்பாட்டுக்கென்று ஆசியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அது தைவானிலும் பிலிப்பைன்ஸிலும் இளம் நாற்றைத் தின்று தீர்த்தது. எல்லாவற்றையும் நெடுங்காலம் 'கனாலிகுலாட்டா' என்ற ஒரே பெயரில் போட்டார்கள். 2008இல் மரபணுவைப் பார்த்தபோதுதான் நான்கு இனங்கள் கலந்திருப்பது தெரிந்தது. அந்த ஆய்வில் இலங்கையிலிருந்து வந்தது 'டிஃப்யூசா', மீன்தொட்டிக்காரர்கள் வளர்ப்பது. அது பெரும்பாலும் பாசியும் அழுகிய இலையும் தின்னும். நாற்றுக்கு எமனான கனாலிகுலாட்டா வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் சொன்னால் ஒன்று வீண் பீதி, இல்லாவிட்டால் வீண் தைரியம்.

நம்ம பைலா ஈர மண்ணில் வெள்ளை முட்டை இடும். வாய்க்கால் ஓரத்துத் தண்டிலோ கட்டுச் சுவரிலோ பளிச்சென்ற ரோஜா நிற முட்டைக் கொத்தைக் கண்டால் படம் எடுத்து விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். மீன்தொட்டி நத்தையைக் குளத்தில் கொட்டாதீர்கள்.