கியர்பொக்ஸுக்குள் இருந்த திமிங்கிலம்

ஒட்டோமற்றிக் கார் வைத்திருக்கிற சிலர், ரேடியேற்றருக்கு முன்னால் இன்னொரு குட்டி ரேடியேற்றர் பூட்டுவதைக் கண்டிருப்பீர்கள். கியர்பொக்ஸ் ஒயிலைக் குளிராக்கத்தான் அது. கியர்பொக்ஸுக்குத் திரும்புகிற குழாயை இடையில் வெட்டி, சூட்டு ஒயிலைத் தாங்கும் ஹோஸ் பூட்டி, அதற்குள்ளால் சுற்றவிட வேண்டும். பிறகு ஒயில் மட்டத்தைப் பார்த்து விட்டால் வேலை முடிந்தது. ஆனால் இந்த ஒயிலின்ர சரித்திரம் அவ்வளவு சுருக்கமில்லை.

1940ஆம் ஆண்டு மொடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் ஜெனரல் மோட்டோர்ஸ் 'ஹைட்ரமற்றிக்' கியர்பொக்ஸைப் போட்டது. கிளச் மிதி இல்லாமல், பெருந்தொகையாக உற்பத்தியான முதல் முழு ஒட்டோமற்றிக் அதுதான். இரண்டாம் உலகப்போரில் அதே கியர்பொக்ஸ் எம்5 டாங்கிகளுக்குள்ளும் போனது. போர் முடிந்ததும், சண்டையில் சோதித்த சாமான் என்று விளம்பரம் போட்டுக் குடும்பக் கார்களில் விற்றார்கள்.

இதில் எஞ்சினும் கியரும் நேரே பிணைக்கப்படுவதில்லை. ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு விசிறிகள், நடுவில் ஒயில். ஒன்று சுழல, ஒயில் மற்றதைத் தள்ளும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாதபோது அந்த வித்தியாசம் சூடாகிவிடும். ஏற்றத்திலும், பாரம் இழுக்கையிலும் இன்னும் கூடும். அதே ஒயில்தான் பற்சக்கரங்களுக்கு வழுக்க வேண்டும், உள்ளே இருக்கும் கிளச் தட்டுகள் உதறாமல் பிடிக்கவும் விட வேண்டும். வழுக்கவும் வேணும், பிடிக்கவும் வேணும் எண்டால் எந்த ஒயில் செய்யும்?

ஸ்பேர்ம் எனப்படும் பெருந்தலைத் திமிங்கிலத்தின் எண்ணெய் செய்தது. வேதியியல்படி அது சாதாரண கொழுப்பில்லை, திரவ மெழுகு. 1949இல் ஜெனரல் மோட்டோர்ஸ் 'டைப் ஏ' என்ற தரத்தை வெளியிட்டது. அந்தக் காலத்து கியர்பொக்ஸ் ஒயிலில் இந்த எண்ணெய் முக்கியமான சேர்க்கை. டெற்ரோயிற்றில் கார் கியர் மாற, எங்கேயோ நடுக்கடலில் ஒரு மிருகம் சாக வேண்டியிருந்தது.

1970இல் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தை அருகிவரும் இனமாக அறிவித்து, இறக்குமதியை நிறுத்தியது. கொம்பனிகள் அவசரமாக மாற்று ஒயில் தேடின. 70களில் வந்த ஒரு கலவை ரேடியேற்றருக்குள் இருந்த குளிராக்கியின் ஈயப்பற்றை அரித்தது. அது ஓட்டையானால் தண்ணீர் கியர்பொக்ஸுக்குள் போகும், பிறகு கதை முடிந்தது. அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்த்துத்தான் அதைச் சரிசெய்தார்கள்.

திமிங்கிலத்தைக் காப்பாற்றப் போய்க் காரைக் கெடுத்தார்கள் என்று இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. புகைக் கட்டுப்பாட்டுக்காக எஞ்சின்கள் கூடுதல் சூட்டில் ஓடத் தொடங்கியதும் அதே காலம்தான். மலிவாகக் கிடைத்த வரைக்கும் மாற்றைத் தேட ஒருவருக்கும் அவசரம் இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்றைய செயற்கை ஒயில்கள் திமிங்கில எண்ணெய் கலந்ததைவிடச் சூட்டை நன்றாகவே தாங்குகின்றன. 1979இல் இந்து சமுத்திரம் திமிங்கிலங்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எங்கட திருகோணமலைக் கடலில் இப்பவும் அந்தப் பெருந்தலையர்களைக் காணலாம்.

குட்டி ரேடியேற்றர் பூட்ட யோசிக்கிறவர்களுக்கு ஒன்று: மலை ஏறாத, பாரம் இழுக்காத கார் என்றால் முதலில் பழைய ஒயிலை மாத்திப் பாருங்கோ.