அதே கோப்புதானா? ஒரு சின்னக் கட்டளையின் வரலாறு

போன வருடம் எங்கட கையில ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் கிடைச்சது. 1980களில் வந்த சில சிற்றிதழ்களை ஆரோ பொறுமையா ஸ்கேன் பண்ணி அதில போட்டு வைச்சிருந்தார். 4,000க்கும் கொஞ்சம் கூடப் படங்கள். மூலப் பிரதிகளில் அரைவாசியைக் கறையான் திண்டிட்டுது. இனி இந்தப் படங்கள்தான் மூலம். ஆகவே மூண்டு பேர் மூண்டு ஊரில் ஒவ்வொரு பிரதி வைத்திருப்பம் எண்டு முடிவெடுத்து, ‘கொப்பி’ அடிச்சு முடிச்சம். முடிச்ச பிறகுதான் கேள்வி வந்தது. மூண்டும் ஒண்டுதானா?

4,000 படத்தையும் திறந்து பார்க்க ஏலாது. அதால சி மொழியில் ஒரு சின்னக் கட்டளை நிரல் எழுதத் தொடங்கினம். கோப்பின் பெயரைக் கொடுத்தால் அதன் ஹாஷைச் சொல்லும், அவ்வளவுதான். எழுதப் போன இடத்தில், இந்தச் சின்ன வேலைக்குப் பின்னால் ஐம்பது வருடக் கதை ஒன்று இருப்பதைக் கண்டம்.

ஹாஷ் என்பது, எவ்வளவு பெரிய கோப்பையும் அரைத்து ஒரே நீளமான ஒரு எண்ணாக்கித் தருகிற கணக்கு. அதே கோப்பைக் கொடுத்தால் எப்பவும் அதே எண்தான் வரும். ஒரு பிட் மாறினாலும் முற்றிலும் வேறொரு எண் வரவேண்டும். எண்ணில் இருந்து கோப்பை மீட்க முடியாது. ஆனால் இரண்டு எண்களை ஒப்பிட்டால் இரண்டு கோப்புகளை ஒப்பிட்டதற்குச் சமன்.

ஆரம்பம் இவ்வளவு கெட்டித்தனமாக இருக்கவில்லை. பழைய யுனிக்ஸில் ‘சம்’ எண்டொரு கட்டளை இருந்தது. கோப்பின் பைட்டுகளைக் கூட்டி 16 பிட் எண் ஒன்றைத் தரும். 16 பிட் எண்டால் 65,536 விடைகள் மட்டும்தான். எங்கட 4,000 படங்களை அதில் போட்டால், வேறுவேறு படங்களே நூறு சோடிக்கு மேல் தற்செயலாக ஒரே எண்ணில் விழும். இன்னொரு வில்லங்கமும் இருந்தது. பிஎஸ்டி யுனிக்ஸின் ‘சம்’ ஒரு மாதிரிக் கூட்டியது, சிஸ்டம் ஃபைவ் யுனிக்ஸின் ‘சம்’ வேறு மாதிரிக் கூட்டியது. கட்டளையின் பெயர் ஒன்று, கோப்பும் ஒன்று, விடை மட்டும் இரண்டு. ஒருவர் சொன்ன எண்ணை மற்றவர் சரிபார்க்க முடியாவிட்டால் அந்த எண்ணால் என்ன பயன்?

1992இல் வந்த பொசிக்ஸ் தரம் ‘சிகேசம்’ என்ற கட்டளையால் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பார்த்தது. அது சிஆர்சி என்ற 32 பிட் கணக்கைப் பயன்படுத்தியது. கம்பியில் வரும் இரைச்சல், நாடாவில் விழும் கீறல் போன்றவற்றைப் பிடிக்க சிஆர்சி நல்லது. ஆனால் அது விபத்துக்குக் காவல், களவுக்கு அல்ல. வேண்டுமெண்டே ஒருவர் கோப்பை மாற்றிவிட்டு, பழைய எண்ணே வரும்படி நாலு பைட்டைத் திருத்தி வைக்கலாம்.

அதே 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த றொனால்ட் றிவெஸ்ட் எம்டி5 என்ற ஹாஷை ஆர்எஃப்சி 1321 என்ற ஆவணமாக வெளியிட்டார். விடை 128 பிட். எங்களுக்குப் பிடிச்ச விசயம் கணக்கு மட்டுமில்லை. ஆவணத்தின் பின்னிணைப்பில் முழுச் சி நிரலும் இருந்தது. அதில் ‘எம்டிடிரைவர்’ என்ற சின்ன நிரல் ஒன்றும் இருந்தது. அதுவும் ஒரு கட்டளைதான். கோப்பின் பெயரைக் கொடுத்தால், 1,024 பைட் துண்டுகளாக வாசித்து விடையை அச்சடிக்கும். பரிசோதிக்கத் தெரிந்த விடைகளின் பட்டியலும் கூடவே இருந்தது. ‘என்னை நம்பு’ எண்டு சொல்லாமல் ‘நீயே போட்டுப் பார்’ எண்டு சொல்லுகிற ஆவணம் அது. எம்டி5 உலகம் முழுக்கப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் எண்டுதான் நாங்கள் நினைக்கிறம்.

நாங்கள் எழுதியது எம்டி5க்கு அல்ல, ஷா-256க்கு. ஏன் எண்டு பிறகு சொல்லுறம். ஆனால் கட்டளையின் எலும்புக்கூடு றிவெஸ்டினதுதான்: தொடங்கு, துண்டு துண்டாக ஊட்டு, முடி. எழுதேக்க மூண்டு இடத்தில் விழுந்தெழும்பினம்.

முதலாவது, பைட் வரிசை. நாலு பைட்டைச் சேர்த்து ஒரு எண் ஆக்கும்போது எந்தப் பக்கத்திலிருந்து அடுக்குவது? எம்டி5 சிறிய முனையிலிருந்து அடுக்கும், ஷா-256 பெரிய முனையிலிருந்து. நாங்கள் மாறி அடுக்கியதால், தரத்தில் கொடுத்திருந்த மூன்றெழுத்துப் பரிசோதனைக்கே பிழையான விடை வந்தது.

இரண்டாவது, விண்டோஸில் கோப்பை இரும முறையில் திறக்க மறந்தது. சாதாரண முறையில் திறந்தால், 26 என்ற மதிப்புள்ள பைட்டைக் கண்டவுடனே கோப்பு முடிஞ்சுது எண்டு நிரல் நினைக்கும். படத்தின் பாதிக்குத்தான் ஹாஷ் வரும்.

மூன்றாவதுதான் எங்களைப் பயப்படுத்தியது. வாசிக்கிற சார்பு ‘சுழியம்’ எண்டு சொன்னால் கோப்பு முடிந்தது எண்டும் அர்த்தம், வாசிக்க ஏலாமல் போச்சுது எண்டும் அர்த்தம். எது எண்டு தனியாகக் கேட்கவேணும். றிவெஸ்டின் மாதிரி நிரல் அதைக் கேட்கவில்லை. நாங்களும் முதலில் கேட்கவில்லை. பழைய டிஸ்கில் ஒரு இடம் பழுது. அங்கே இருந்த படத்தின் பாதியை மட்டும் வாசித்துவிட்டு, முழுசுக்கும் சொல்லுற மாதிரி எங்கட நிரல் நிதானமாக ஒரு ஹாஷைச் சொன்னது. தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லுகிற சாட்சி, சாட்சி இல்லாததை விட மோசம்.

சரி, ஏன் எம்டி5ஐ விட்டம்? 2004 ஓகஸ்டில், கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் நடந்த கிரிப்டோ மாநாட்டில், சீனாவின் ஷாண்டோங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாங் ஷியாவ்யுன், தன் சகாக்களோடு சேர்ந்து கண்டுபிடித்ததை முன்வைத்தார்: ஒரே எம்டி5 விடை தரும் இரண்டு வேறு தரவுகள். இதில் ஒரு வேடிக்கை, அவர்களின் கட்டுரையின் முதல் வடிவத்தில் தொடக்க எண்களின் பைட் வரிசை பிழையாக இருந்தது. பிறகு திருத்தி, உண்மையான எம்டி5ஐயே உடைத்துக் காட்டினார்கள். அதை வாசிச்ச பிறகு எங்கட வெட்கம் கொஞ்சம் குறைஞ்சது.

2012இல் அம்பலமான ‘ஃபிளேம்’ என்ற உளவு நிரல், இதே பலவீனத்தை வைத்து மைக்ரோசொஃப்ட்டின் கையொப்பத்தைப் போலியாக்கியிருந்தது. 1995இல் வந்த ஷா-1க்கும் விதி வேறில்லை. 2017 பெப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிலையமும் கூகுளும் ஒரே ஷா-1 விடை தரும் இரண்டு பிடிஎஃப்களை வெளியிட்டன.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கவேணும். எங்கட படங்கள் தற்செயலாகப் பழுதானால் எம்டி5 இப்பவும் பிடிக்கும். உடைந்தது, ஏமாற்ற நினைக்கிறவருக்கு எதிரான காவல். ஆனால் எங்கட நாட்டில் ஆவணங்கள் தற்செயலாக மட்டும் அழிஞ்சதில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் தானாகப் பற்றி எரியவில்லை. ஆகவே விபத்தையும் களவையும் சேர்த்தே யோசிக்கவேணும்.

களவை யோசித்தால் இன்னொரு கேள்வியும் வரும்: பட்டியல் எங்கே இருக்கிறது? 2016 பெப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், தரவிறக்க இணைப்பைத் தங்கட கள்ளப் பிரதிக்குத் திருப்பினார்கள். ஒரு தளத்தையே கைப்பற்றக்கூடியவரால், அதே தளத்தில் எழுதியிருக்கும் ஹாஷையும் மாற்ற முடியும். கோப்பையும் அதன் ஹாஷையும் ஒரே இடத்தில் வைப்பது, பூட்டையும் திறப்பையும் ஒரே ஆணியில் கொழுவுகிற மாதிரி.

கடைசியில் எங்கட கட்டளையை மூண்டு பிரதியிலும் ஓட்டினம். ஒரு பிரதியில் 11 படங்களுக்கு ஒரே விடை வந்தது: ‘ஈ3பி0சி44’ எண்டு தொடங்கும் எண். தேடிப் பாத்தால் அது வெறுமைக்கான ஷா-256 விடை. டிஸ்கில் இடம் முடிஞ்சு, பெயர் மட்டும் வந்து, உள்ளே ஒரு பைட்டும் இல்லாத கோப்புகள். பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் எல்லாம் இருக்கிற மாதிரித்தான் தெரியும். மற்றப் பிரதிகளிலிருந்து அந்த 11ஐயும் மீட்டம். பழுதான இடத்தில் இருந்த படத்தை மட்டும் மீட்க முடியவில்லை. அதன் பெயருக்கு நேரே ‘வாசிக்க ஏலவில்லை’ எண்டு எழுதி வைச்சிருக்கிறம்.

இப்ப ஒவ்வொருவரும் தன்னுடைய படங்களோடு மற்ற இரண்டு பேரின் பட்டியலையும் வைத்திருக்கிறம், அதுவும் கடதாசியில் அச்சடித்து. கறையான் கடதாசியைத் தின்னும் எண்டு தெரியும். ஆனால் மூண்டு ஊரிலும் ஒரே நாளில் தின்னாது.