சார்புநூலின் சாகசப் பயணம்

ஆர்.கே.பேட்டையிலிருந்து திருத்தணி போகும் பஸ்ஸில், செல்போனில் மூழ்கியிருக்கும் பையன் ஒருவனின் தோளுக்கு மேலாக எட்டிப் பாருங்கள். திரையில் வாள் சுழற்றும் வீரனுக்கு ‘ஹெச்பி’ என்று ஒரு கணக்கு, அடிபட்டால் குறையும். ‘எக்ஸ்பி’ என்று இன்னொரு கணக்கு. அது சேரச் சேர ‘லெவல்’ ஏறும். கம்ப்யூட்டர்காரர்கள் போட்ட கணக்கு என்றுதான் பலரும் நினைப்பார்கள். தாளும் பென்சிலும் பகடையுமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடியவர்கள் போட்ட கணக்கு இது. 1974 ஜனவரியில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரிலிருந்து, ஒரு பெட்டிக்குள் மூன்று மெல்லிய புத்தகங்கள் விற்பனைக்கு வந்தன. அச்சானவை ஆயிரம் பிரதிகள்தான். விலை 10 டாலர். பெயர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’.

நன்னூல், நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாகப் பிரிக்கும். அந்தப் பெட்டியை இன்று உலகம் முதல்நூல் வரிசையில் வைத்திருக்கிறது. அதுவோ இன்னொரு விதிப்புத்தகத்தின் பின்னிணைப்பிலிருந்து முளைத்தது. அந்தப் புத்தகமும் வேறொன்றைச் சார்ந்தது. இப்படியே பின்னோக்கி நடந்தால் குப்தர் காலத்து இந்தியாவில் போய் நிற்போம்.

ஏறத்தாழ 6-ஆம் நூற்றாண்டில் இங்கே ஆடப்பட்ட சதுரங்கத்தில் யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படை இருந்தது. பாரசீகர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள், அவர்களிடமிருந்து அரபுகள். வணிகர் கூட்டமும் படைகளும் போன வழியெல்லாம் பலகையும் போய் ஸ்பெயினை எட்டியது. அதுவரை ராஜாவின் பக்கத்தில் நிற்கும் மந்திரி குறுக்காக ஒரு கட்டம் மட்டுமே நகர முடியும். 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்த இடத்தில் நின்ற ராணிக்குப் பலகை முழுவதும் பாயும் உரிமை கிடைத்தது. எந்த அரசனும் ஆணை பிறப்பிக்கவில்லை. மெதுவான ஆட்டத்தில் சலித்துப்போன ஆட்டக்காரர்களே விதியைத் திருத்திக்கொண்டார்கள். சில தலைமுறைகளில் பழைய விதி மறந்தே போனது.

அடுத்த ஒட்டுவேலை 1780-இல் நடந்தது. ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரில் ஆசிரியராக இருந்த யோகான் ஹெல்விக், சதுரங்கப் பலகையின் 64 கட்டங்கள் போதாதென்று 1,617 கட்டங்களுக்கு விரித்தார். மலை, ஆறு, சதுப்பு நிலம் என்று கட்டங்களுக்கு வண்ணம் பூசினார். போர்க்கலையை மாணவர்களுக்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடுப்பது அவர் நோக்கம். பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் குடும்பம் அதையும் தாண்டியது. 1812-இல் தந்தை கட்டங்களை ஒழித்து, நிலத்தின் மேடுபள்ளங்களையே மேசைமேல் செய்து அரசரிடம் காட்டினார். 1824-இல் மகன் விதிகளை அச்சிட்டபோது பகடையும் சேர்ந்தது, நடுவர் ஒருவரும் சேர்ந்தார். இரு தரப்பும் தங்கள் உத்தரவை நடுவரிடம் கொடுப்பார்கள். எதிரி எங்கிருக்கிறான் என்பது அவருக்கு மட்டும் தெரியும். படைத்தலைமை இதை ராணுவத்துக்கே பயிற்சியாக வைத்தது.

அந்த நடுவர்தான் நம் கதையின் மறைமுக நாயகர். 1880-இல் சார்லஸ் டாட்டன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி, நடுவரை நடுநாயகமாக வைத்து ‘ஸ்ட்ரேட்டகோஸ்’ என்ற போர் விளையாட்டு நூலை எழுதினார். 1960-களில் மின்னசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் அது டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் கையில் சிக்கியது. 1969-இல் அவர் ஒரு போர் ஆட்டத்துக்கு நண்பர்களை அழைத்தார். வந்தவர்களுக்குப் படையைப் பிரித்துக்கொடுப்பதோடு நிற்காமல், ஊர்த்தலைவர், வங்கி அதிபர், பல்கலைக்கழக வேந்தர் என்று ஆளுக்கொரு வேடமும் கொடுத்தார். போர் தொடங்கவே இல்லை. அவரவர் மூலையில் பேரம் பேசினார்கள், சதி செய்தார்கள், சண்டை பிடித்தார்கள். ஆட்டம் கெட்டுப்போனதென்று வெஸ்லி நொந்துகொண்டிருக்க, நண்பர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டு நச்சரித்தார்கள். வேடம் ஏற்று ஆடும் மேசை விளையாட்டு இந்தத் தோல்வியில்தான் பிறந்தது.

இதற்கிடையில் லேக் ஜெனீவாவில் கேரி கைகாக்ஸ் காப்பீட்டு நிறுவன வேலையை இழந்து, வீட்டின் கீழ்த்தளத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார். பொம்மை வீரர்களை வைத்து ஆடும் போர் விளையாட்டில் பித்து. ஜெஃப் பெரன் என்ற நண்பர் எழுதிய இடைக்காலப் போர் விதிகள் சில பக்கங்களே இருந்தன. கைகாக்ஸ் அவற்றை விரித்தார். 1971-இல் ‘செயின்மெயில்’ என்ற பெயரில் புத்தகம் வந்தது. கடைசியில் 14 பக்கப் பின்னிணைப்பு ஒன்று: மந்திரவாதி, டிராகன், தீயுருண்டை. அதிலும் பாதி இரவல் சரக்கு. ஓராண்டுக்கு முன்பே லெனர்ட் பட் என்ற ரசிகர் எழுத்தாளர் டோல்கீனின் கதையுலகுக்கு எழுதி வெளியிட்ட விதிகளோடு இது நெருங்கி ஒத்துப்போகிறது. அவருக்கு நன்றி சொல்லி ஒரு வரிகூட இல்லை.

வெஸ்லியின் ஆட்டத்தில் உட்கார்ந்திருந்த டேவ் ஆர்னசன் அந்தப் பின்னிணைப்பைப் பிடித்துக்கொண்டார். படை மொத்தத்துக்கும் எழுதிய விதிகளில் ஒரே அடிக்கு ஆள் காலி. தன் வேடத்தோடு ஒட்டிப்போன ஆட்டக்காரருக்கு அது பொறுக்குமா? ஆர்னசன் தான் முன்பு எழுதிய கப்பற்போர் விதிகளைத் தேடினார். கப்பலின் இரும்புத் தகடு எவ்வளவு தடிமன், எத்தனை குண்டு தாங்கும் என்ற கணக்கு மனித உடம்புக்கு மாறியது. அந்தப் பையனின் ‘ஹெச்பி’ இப்படித்தான் கடலிலிருந்து கரையேறியதென்று ஆர்னசனே பின்னாளில் சொன்னார். கைகாக்ஸும் அவரும் சேர்ந்து எழுதியதுதான் 1974-இன் பெட்டி.

அரக்கர்களும் விபத்தாக வந்தவர்களே. ஹாங்காங்கில் தயாரான மலிவு விலை பிளாஸ்டிக் பொம்மைப் பை ஒன்று கைகாக்ஸ் கையில் அகப்பட்டது. பொட்டலத்தில் ‘வரலாற்றுக்கு முந்தைய மிருகங்கள்’ என்று போட்டிருந்தாலும், உள்ளே இருந்தவை எந்த யுகத்திலும் வாழ்ந்திராத உருவங்கள். ஒன்று இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும் பூச்சியானது. இன்னொன்று ஆந்தைத் தலைக் கரடியானது. விளையாட்டின் புகழ்பெற்ற மிருகங்கள் இவை.

பெட்டி கிடைக்காதவர்கள் ஜெராக்ஸ் எடுத்தார்கள். கிடைத்தவர்களுக்கு விதி புரியவில்லை. புரியாத இடத்தைத் தாங்களே எழுதி நிரப்பினார்கள். மூலத்தில் வீரன், மந்திரவாதி, பூசாரி மட்டுமே உண்டு. பூட்டுத் திறப்பதும் பதுங்கிப் போவதும் தெரிந்த திருடனை, கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் கேரி ஸ்விட்சரின் பொழுதுபோக்குக் கடையில் கூடிய ரசிகர்கள் உருவாக்கினார்கள். செய்தி தொலைபேசி வழியே கைகாக்ஸுக்குப் போக, 1975-இல் வந்த அதிகாரபூர்வ இணைப்பு நூலில் திருடன் இடம்பிடித்தான்.

எல்லா ரசிகருக்கும் இந்த வரவேற்பு கிடைக்கவில்லை. டேவிட் ஹார்கிரேவ் 1977-இல் ‘அர்டுவின் கிரிமோர்’ என்ற துணைநூலை வெளியிட்டதும் கைகாக்ஸின் நிறுவனம் வழக்கு மிரட்டல் விடுத்தது. அடுத்து வந்த பிரதிகளில் மூல விளையாட்டின் பெயர் மறைக்கப்பட்டது. அதே நிறுவனத்துக்கு டோல்கீன் தரப்பிலிருந்தும் எச்சரிக்கை வர, ‘ஹாபிட்’ என்ற இனத்தை ‘ஹாஃப்லிங்’ என்று மாற்ற நேர்ந்தது. மிரட்டியவரும் மிரண்டவரும் ஒருவரே.

இந்தியத் துணைக்கண்டத்தை நன்கறிந்த ஒருவரும் இந்த ரசிகர் கூட்டத்தில் உண்டு. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசியத் துறைப் பேராசிரியராக இருந்த எம்.ஏ.ஆர். பார்க்கர், உருதுவுக்கும் பலூச்சிக்கும் பாடநூல் எழுதியவர். சிறு வயதிலிருந்தே கற்பனை உலகம் ஒன்றை மொழி, கோயில், சாதிப்படிநிலை எல்லாவற்றோடும் தீட்டிவைத்திருந்தார். புதிய விளையாட்டைப் பார்த்ததும் அதன் விதிகளைத் தன் உலகுக்கேற்ப மாற்றி எழுதிச் சில பிரதிகள் எடுத்தார். மூல நிறுவனமே 1975-இல் அதை ‘எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன்’ என்று வெளியிட்டது. பகடையில் 20 விழுந்தால் அடி இரட்டிப்பு என்ற விதி அதில் இருந்தது. இன்று அது இல்லாத ஆட்டம் அரிது.

அதே 1975-இல் நம் ராட்சசனும் அந்த விளையாட்டுக்குள் நுழைந்தான். வந்த வழி ராமாயணமோ மகாபாரதமோ என்று எண்ண வேண்டாம். 1974 டிசம்பரில் ‘கோல்சாக்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ஒரு ராட்சசன் வந்தான். நம்பிக்கைக்குரியவரின் உருவெடுத்து ஆளை விழுங்குவான். மந்திரித்த அம்பைக் குறுக்குவில்லில் வைத்து எய்தால் மட்டுமே சாவான். மறு ஆண்டு வந்த விளையாட்டு விதி இதை அப்படியே வைத்துக்கொண்டது. 1977-இல் ஓவியர் டேவிட் ட்ராம்பியர் அவனுக்குப் புலித்தலையும் மேலங்கியும் புகைக்குழாயும் கொடுத்தார். வால்மீகிக்கும் கம்பருக்கும் தெரியாத இந்த ராட்சசனைத்தான் இன்று லட்சக்கணக்கானோர் அறிவார்கள்.

இரவல் வாங்கி விரிப்பது நமக்குப் புதிதா என்ன? வில்லிபுத்தூரார் பாரதத்தை ஏறத்தாழ 4,300 பாடல்களில் சுருங்கச் சொன்னார். 18-ஆம் நூற்றாண்டில் செஞ்சிப் பக்கத்து நல்லாப்பிள்ளை அந்தப் பாடல்களோடு தன் பாடல்களையும் கோத்து, 14,000 பாடல்கள் அளவுக்கு வளர்த்துவிட்டார். திருத்தணி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடக்கும்போது, எது வில்லி, எது நல்லாப்பிள்ளை, எது கூத்து வாத்தியாரின் சொந்தச் சரக்கு என்று கேட்பவர் யாருமில்லை. துரியோதனன் படுகளத்தன்று ஊரே குருட்சேத்திரமாகி, பார்க்க வந்தவர்களும் பாத்திரமாகிவிடுவார்கள். சார்புநூல் சேரச் சேரத்தான் பாரதம் தழைத்தது.

கடலுக்கு அப்பால் விளையாட்டின் கதை ஜப்பானுக்குத் தாவியது. 1981-இல் அமெரிக்க மாணவர்கள் இருவர், மேசை விளையாட்டின் கணக்குகளை ‘விசார்ட்ரி’ என்ற கம்ப்யூட்டர் ஆட்டமாக்கினார்கள். அதில் மயங்கிய யூஜி ஹோரி 1986-இல் ‘டிராகன் குவெஸ்ட்’ செய்தார். அங்கிருந்து கைப்பேசிகள்வரை வந்த பாதையை நீங்கள் அறிவீர்கள்.

2000-இல் அமெரிக்காவில் எதிர்பாராத திருப்பம். விளையாட்டை விலைக்கு வாங்கியிருந்த விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம், யார் வேண்டுமானாலும் இணைப்பு நூல் எழுதி விற்கலாம் என்று திறந்த உரிமம் அளித்தது. ஆயிரம் பேர் எழுதும் துணைநூல்கள் மூலநூலின் விற்பனையைத் தூக்கிவிடும் என்பது வணிகக் கணக்கு. ரசிகர்கள் வேறொரு கணக்குப் போட்டார்கள். 1970-களின் பழைய பதிப்பு அச்சில் இல்லை. அதை விரும்பியவர்களோ ஏராளம். ஆட்டத்தின் செய்முறைக்குக் காப்புரிமை கிடையாது, எழுதிய சொற்களுக்குத்தான் உண்டு. ஆகவே பழைய விதிகளைப் புதிய சொற்களில் திருப்பி எழுதி 2006-இல் ‘ஆஸ்ரிக்’ என்று இலவசமாக வெளியிட்டார்கள். அதைச் சார்ந்து புதிய அரக்கர்களும் வரைபடங்களும் சாகசங்களும் குவியத் தொடங்கின. 2009-இல் பைசோ நிறுவனம் அதே உரிமத்தைக் கொண்டு ‘பாத்ஃபைண்டர்’ வெளியிட்டு மூல நிறுவனத்துக்கே போட்டியாகியது.

இந்தியரின் கையும் பின்னர் மூலநூலைத் தொட்டது. 2022-இல் வந்த அதிகாரபூர்வச் சாகசத் தொகுப்பில், கொல்கத்தாவில் வளர்ந்த எழுத்தாளர் மிமி மண்டல், ஆறும் மூடுபனியுமாக வங்கச் சாயலில் ஒரு நாட்டைப் படைத்தார். சில மாதங்களில், 2023 ஜனவரியில், பழைய உரிமத்தைச் சுருக்க நிறுவனம் முயன்ற செய்தி கசிந்து ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். மாத முடிவுக்குள் நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதிகளைத் திரும்பப் பெற முடியாத பொது உரிமத்தில் விட்டுவிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். யாரும் எந்த மொழியிலும் விரித்து எழுதி விற்கலாம்.

எனவே, சூரசம்ஹாரம் முடித்து முருகன் சினம் தணிந்த திருத்தணி மலையை வைத்து ஆர்.கே.பேட்டைக்காரர் ஒருவர் ஒரு சாகசம் எழுத நினைத்தால் தடையேதும் இல்லை. வெளியான விதிகளில் ராட்சசனும் இருக்கிறான். குறுக்குவில் கட்டாயம் அவற்றில் போய்விட்டது. நல்லவர் கையில் உள்ள, குத்தித் துளைக்கும் மந்திர ஆயுதம் அவனுக்கு இரட்டிப்புச் சேதம் தரும் என்கிறது 2023-இல் வெளியான அந்த விதி. வேலுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணத்தை நாமே எழுதியிருக்க முடியாது.